முந்திரி ஓட்டு எண்ணெயும் தென்னை நாரும் சேர்ந்தால் பலகை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பண்ருட்டிப் பக்கம் ஒரு தகர ஷெட்டில், முந்திரிக் கொட்டையின் ஓட்டிலிருந்து வரும் எண்ணெயைப் பிசினாக்கி, தென்னை நாரோடு சேர்த்து அழுத்திப் பலகையும் தட்டும் செய்கிறேன். விவசாயிகள், கல்லூரிப் பிள்ளைகள், தச்சர்கள் என்று யார் யாரோ போன் செய்கிறார்கள். கேட்பது கிட்டத்தட்ட ஒரே கேள்விகள்தான். ஒவ்வொருவருக்கும் அரை மணி நேரம் சொல்வதை இங்கே எழுதிவைத்துவிட்டேன்.

கூட்டுப்பொருள் என்றால் என்ன?

பாட்டி வீட்டில் மூங்கில் முறத்துக்கு மெழுகியதைப் பார்த்திருக்கிறீர்களா? பழைய காகிதத்தை ஊறவைத்து, வெந்தயத்தோடு ஆட்டி, அந்தக் கூழை முறத்தின் மேல் பூசிக் காயவைப்பார்கள். மூங்கில் பின்னல் பலத்தைத் தரும். கூழ் ஓட்டைகளை அடைத்து, சிம்புகளை நகராமல் பிடித்துக்கொள்ளும். தனியாகக் காய்ந்த கூழ் கையால் ஒடித்தால் ஒடியும். தனியாக மூங்கில் பின்னலில் மாவு நிற்காது. இரண்டும் சேர்ந்தால் பல வருஷம் உழைக்கும் முறம்.

கூட்டுப்பொருள் என்பது இவ்வளவுதான். இழுவையைத் தாங்க ஒரு நார், அந்த நாரைக் கட்டிப்போட ஒரு பிசின். ஃபைபர் கிளாஸ் தண்ணீர்த் தொட்டியில் கண்ணாடி இழையும் பாலியெஸ்டர் ரெசினும் செய்கிற வேலையை, இங்கே தென்னை நாரும் முந்திரிப் பிசினும் செய்கின்றன. தென்னை நாரில் ரப்பர் பால் தெளித்துச் செய்யும் காயர் மெத்தையும் இதே இனம்தான். அதன் மேல் படுத்துக்கொண்டே இதெல்லாம் புதுசு என்று நினைக்கிறோம்.

ஏன் முந்திரி? வேலம்பிசின், வேப்பம்பிசின் எல்லாம் மரத்திலேயே கிடைக்கிறதே?

தமிழில் எல்லாவற்றையும் பிசின் என்று சொல்வதால் வரும் குழப்பம் இது. வேலம்பிசின், முருங்கைப் பிசின், பாதாம் பிசின் எல்லாம் தண்ணீரில் கரையும், இல்லாவிட்டால் ஊதும். ஜிகர்தண்டாவுக்குச் சரி, பலகைக்கு ஆகாது. ஒரு மழையில் கதை முடிந்துவிடும். குங்கிலியம், சாம்பிராணி தண்ணீரில் கரையாது. ஆனால் சூடு பட்டால் இளகிவிடும். சித்திரை வெயிலில் அந்தப் பலகையில் கை வைத்தால் கையோடு வரும்.

நமக்கு வேண்டியது, திரவமாக இருந்து நார்களுக்குள் புகுந்து, பிறகு ஒரே தடவையில் இறுகி, திரும்ப இளகவே இளகாத பிசின். சுட்ட தோசை மறுபடி மாவாகாது இல்லையா, அதுபோல. தாவரத்திலிருந்து அப்படி ஒரு பிசினுக்கு வழிகள் சில உண்டு. சோயா, ஆளிவிதை எண்ணெய்களை வேதிமாற்றம் செய்யலாம். சோளத் தக்கை, கரும்புச் சக்கையிலிருந்து ஃபர்ஃபுரால் என்ற திரவத்தை எடுத்து ஃப்யூரான் ரெசின் செய்யலாம். ஆனால் எங்கள் ஊரில் மலைபோலக் குவிந்து கிடப்பது முந்திரி ஓடு. அதனால் முந்திரி.

ஓட்டுக்குள் அப்படி என்னதான் இருக்கிறது?

கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், மொத்த விஷயமும் இங்கேதான் இருக்கிறது.

முந்திரிக் கொட்டை ஒன்றைக் குறுக்கே வெட்டிப் பாருங்கள் (கையுறை போட்டுக்கொண்டு). வெளித்தோலுக்கும் உள்தோலுக்கும் நடுவே தேன்கூடு போலச் சின்னச் சின்ன அறைகள். அதில் பழுப்பு நிறத்தில் கெட்டியான எண்ணெய். நூறு கிலோ கொட்டையை உடைத்தால் பருப்பு இருபது முதல் இருபத்தைந்து கிலோ வரும். மிச்சத்தில் பெரும்பகுதி ஓடு. அந்த ஓட்டின் எடையில் ஏறக்குறைய கால் பங்கு இந்த எண்ணெய்.

இயற்கையாக அந்த எண்ணெயில் அதிகம் இருப்பது அனகார்டிக் அமிலம். அதைச் சூடாக்கினால் கரியமில வாயு நுரைத்து வெளியேறி, கார்டனால் என்ற பொருளாக மாறுகிறது. நமக்கு வேண்டியது இந்தக் கார்டனால்தான். அதற்கு ஒரு தலை, ஒரு வால். தலை, ஃபீனால் வளையம். 1907இல் லியோ பேக்லண்ட் பேக்கலைட் என்ற முதல் செயற்கைப் பிளாஸ்டிக்கைச் செய்தது இந்த ஃபீனாலோடு ஃபார்மால்டிஹைடைச் சேர்த்துத்தான். வால், பதினைந்து கார்பன் நீளமுள்ள எண்ணெய்ச் சங்கிலி. தலையால் பிசின் இறுகுகிறது. வாலால் தண்ணீரை விலக்குகிறது, சற்றே வளைந்தும் கொடுக்கிறது. வெறும் பேக்கலைட் கீழே விழுந்தால் சிதறும். கார்டனால் பிசின் அவ்வளவு சீக்கிரம் சிதறாது. பெட்ரோலியத்திலிருந்து ஃபீனால் எடுத்து, அதற்கு இப்படி ஒரு வாலை ஒட்டவைக்கப் பெரிய தொழிற்சாலை வேண்டும். முந்திரி மரம் அதை ஓட்டுக்குள் வைத்தே கொடுக்கிறது.

ஒரு விஷயம். கொட்டையை டிரம்மில் போட்டு வறுத்து உடைக்கும் இடங்களில் எண்ணெயில் பெரும்பகுதி எரிந்து புகையாகப் போய்விடும். நீராவியில் அவித்து உடைக்கும் ஆலையின் ஓட்டில்தான் எண்ணெய் அப்படியே இருக்கும். அதைச் செக்குபோல எக்ஸ்பெல்லரில் பிழிந்து எடுக்கிறார்கள். ஓடு வாங்கும்போது, வறுத்ததா அவித்ததா என்று முதலில் கேளுங்கள்.

எந்த நார் நல்லது?

எதற்கு என்பதைப் பொறுத்தது. ஒரு சதுர மில்லிமீட்டர் தடிமனுள்ள கற்றையை இழுத்தால், தென்னை நார் சுமார் பதினைந்து இருபது கிலோ தாங்கும். வாழை நாரும் சணலும் அதைவிட இரண்டு மூன்று மடங்கு. கண்ணாடி இழை இருநூறு கிலோவுக்கும் மேல். எண்ணைப் பார்த்தால் தென்னை நார் தோற்றுவிட்டது. ஆனால் அறுவதற்கு முன் தென்னை நார் தன் நீளத்தில் பதினைந்து சதவீதத்துக்கும் மேல் நீளும். மற்றவை இரண்டு மூன்று சதவீதத்திலேயே பட்டென்று போகும். அதனால் அடி, இடி வாங்கும் இடத்துக்குத் தென்னை நார், பாரம் தாங்கும் இடத்துக்கு வாழையோ சணலோ என்பது என் கணக்கு. தென்னை நாரில் லிக்னின் (மரத்துக்கு விறைப்பைத் தரும் பொருள்) அதிகம், நாற்பது சதவீதத்துக்கு மேல். அதனால் சீக்கிரம் அழுகவும் செய்யாது.

நெல் உமி நார் அல்ல, நிரப்பி. பலம் தராது, பிசின் செலவைக் குறைக்கும். ஆனால் உமியை எரித்தால் வரும் சாம்பலில் பெரும்பகுதி சிலிக்கா, அதாவது மணலின் அதே பொருள். உமிப் பலகையை அறுத்த ரம்பம் எங்கள் ஷெட்டில் ஒரு வாரத்தில் மழுங்கியது.

வேளாண் கழிவுதானே, சும்மாவே கிடைக்குமே?

கிடைக்காது. வைக்கோல் மாட்டுக்குத் தீவனம். கரும்புச் சக்கை சர்க்கரை ஆலையின் கொதிகலனுக்குப் போகிறது. கரூர் மாவட்டம் காகிதபுரத்தில் அதிலிருந்து காகிதமே செய்கிறார்கள். ஒரு காலத்தில் சாலையோரம் குவிந்து கிடந்த பொள்ளாச்சித் தென்னை நார்க்கழிவு, இன்று கட்டியாக அழுத்தப்பட்டு வெளிநாட்டுப் பசுமைக்குடில்களுக்குக் கப்பலேறுகிறது. எண்ணெய் பிழிந்த முந்திரிச் சக்கையைக்கூட அடுப்புக்கு எடுத்துக்கொள்கிறார்கள். நீங்கள் வாங்க ஆரம்பித்த மறுநாளே அது கழிவு இல்லாமல் ஆகிவிடும், விலை ஏறும். திட்ட அறிக்கையில் மூலப்பொருள் விலை பூஜ்யம் என்று எழுதியிருந்தால் அந்த அறிக்கையை நம்பாதீர்கள்.

வீட்டளவில் ஒன்று செய்து பார்க்க முடியுமா?

முடியும். முப்பது சென்டிமீட்டர் சதுரம், ஐந்து மில்லிமீட்டர் தடிமனில் ஒரு தட்டு என்று வைத்துக்கொள்வோம். கன அளவு 450 கன சென்டிமீட்டர். எடை சுமார் அரைக் கிலோ வரும். அதில் நார் 150 கிராம், பிசின் 350 கிராம். வழிந்து போவதற்குப் பத்து சதவீதம் சேர்த்துக் கலக்குங்கள்.

முதலில் நாரைச் சுத்தம் செய்ய வேண்டும். ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஐம்பது கிராம் காஸ்டிக் சோடா. தண்ணீரில்தான் சோடாவைப் போட வேண்டும், சோடாவின் மேல் தண்ணீரை ஊற்றக் கூடாது, தெறிக்கும். அதில் இரண்டு மணி நேரம் நாரை ஊறவையுங்கள். தண்ணீர் டீ டிகாக்ஷன் நிறத்துக்கு வரும். நாரின் மேலிருந்த மெழுகும் அழுக்கும் போய், தொட்டால் சொரசொரப்பாக இருக்கும். பிசின் பிடிப்பது அந்தச் சொரசொரப்பில்தான். நாலைந்து தடவை அலசி, கடைசி அலசலில் கொஞ்சம் வினிகர் விட்டு, வெயிலில் காயவையுங்கள்.

பிறகு நாரைச் சிக்கெடுத்து, எல்லாப் பக்கமும் ஒரே கனமாக இருக்கும்படி விரிப்பாகப் பரப்புங்கள். அவசரப்பட்டால் தட்டில் ஓரிடம் மேடு, ஓரிடம் பள்ளம்.

அச்சுக்கு இரண்டு இரும்புத் தகடுகளும் ஓரத்துக்கு ஐந்து மில்லிமீட்டர் பட்டைகளும் போதும். ஒட்டாமலிருக்க பாலிஷ் வாக்ஸ் நன்றாகத் தேயுங்கள். பிசினுக்கு, ஆரம்பத்தில் கடையில் கிடைக்கும் எபாக்சி என்ற செயற்கைப் பிசினும், கார்டனாலிலிருந்து செய்யப்படும் ஃபீனால்கமைன் என்ற ஹார்டனரும் (எபாக்சியை இறுகவைப்பது) வாங்கிக்கொள்ளுங்கள். ஈரத்திலும் குளிரிலும்கூட இறுகும் என்பதால் கப்பல் பெயின்டில் போடுவது இது. இரண்டையும் என்ன விகிதத்தில் கலப்பது என்பதை விற்பவரின் தாளைப் பார்த்து, தராசில் நிறுத்துக் கலக்குங்கள். கண்ணளவு வேண்டாம். கலந்ததை மக்கிலேயே வைத்துவிட்டு டீ குடிக்கப் போனால், திரும்பி வரும்போது மக்கு புகைந்துகொண்டிருக்கும். இறுகும்போது அது சூடு கக்கும், மொத்தமாக இருந்தால் சூடு வெளியே போக வழியில்லை.

பாதிப் பிசினை ஊற்றி, நாரை வைத்து, மீதியை மேலே ஊற்றி, ரோலரால் உருட்டிக் காற்றை விரட்டுங்கள். மேல்தகட்டை மூடி, லாரி ஜாக்கியால் அழுத்துங்கள். ஐந்து டன் ஜாக்கி இந்த அளவுக்குச் சதுர சென்டிமீட்டருக்கு ஐந்தரைக் கிலோ அழுத்தம் கொடுக்கும், தாராளம். மறுநாள் திறக்கலாம். ஒரு வாரம் விட்டுவிட்டுத்தான் பலம் பார்க்க வேண்டும்.

என் தட்டில் குமிழியாக வருகிறது. ஏன்?

ஈரம். பத்துப் பேர் கேட்டால் ஒன்பது பேருக்கு இதே பதில்தான். வெயிலில் காய்ந்த நார் தொட்டால் மொறுமொறு என்றிருக்கும். ஆனால் காற்றிலிருந்தே பத்து சதவீதம் வரை ஈரத்தை உள்ளே வைத்திருக்கும். ஐப்பசி மழையில் ஒரு முறை, காலையில் காயவைத்த நாரை மாலையில் பயன்படுத்தி இருபது தட்டுகளைக் குப்பையில் போட்டேன். தகடு திறந்தவுடன் நன்றாகத்தான் இருந்தது. பத்து நாளில் அப்பளம் மாதிரி மேல்தோல் எழும்பிவிட்டது. இப்போதெல்லாம் அச்சில் வைப்பதற்குச் சற்று முன், நூறு டிகிரிச் சூட்டில் அடுப்பில் வைத்து, எடை இனிமேல் குறையவில்லை என்று தராசு சொன்ன பிறகே நாரை எடுக்கிறேன்.

சூட்டு அழுத்தியில் கார்டனால்–ஃபார்மால்டிஹைடு பிசின் போடுகிறவர்களுக்கு இன்னொரு தொல்லையும் உண்டு. அந்தப் பிசின் இறுகும்போது தானே தண்ணீரை வெளியிடும், 150 டிகிரியில் அது ஆவிதானே. முதல் சில நிமிஷங்களில் இரண்டு மூன்று தடவை அழுத்தியை லேசாகத் திறந்து மூடி ஆவியை விடுங்கள். 200 டிகிரியை நெருங்க வேண்டாம், நார் கருக ஆரம்பிக்கும்.

இது நூறு சதவீதம் இயற்கையா?

இல்லை. மேலே சொன்ன தட்டையே எடுத்துக்கொள்வோம். 150 கிராம் நார், சுத்தமாகத் தாவரம். பிசின் 350 கிராமில் ஹார்டனர் மூன்றில் ஒரு பங்கு என்றால் சுமார் 117 கிராம், அதிலும் பெட்ரோலியத்திலிருந்து வரும் அமைன் என்ற வேதிப்பொருள் கொஞ்சம் உண்டு. எபாக்சி 233 கிராம், பெரும்பாலும் பெட்ரோலியம். ஆக, தட்டில் பாதிதான் செடியிலிருந்து வந்தது. கார்டனால்–ஃபார்மால்டிஹைடுக்கு மாறினால் தாவரப் பங்கு வெகுவாக ஏறும். ஆனால் சூட்டு அழுத்தி வேண்டும், ஃபார்மால்டிஹைடோடு புழங்க வேண்டும். அது மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று 2004லேயே உலகப் புற்றுநோய் ஆய்வு முகமை வகைப்படுத்திவிட்டது. காற்றோட்டமும் முகக்கவசமும் இல்லாத ஷெட்டில் அதைத் தொடாதீர்கள். நான் இன்னும் எபாக்சியில் நிற்பதற்குக் காரணமும் அதுதான்.

'பசுமை' என்று அட்டையில் அச்சடித்து விற்பவரிடம் எத்தனை சதவீதம் என்று கேளுங்கள். கார்பன்-14 (உயிருள்ளவற்றில் இருந்து, காலப்போக்கில் சிதைந்துபோகும் ஒரு வகைக் கார்பன்) சோதனையில் கண்டுபிடித்துவிடலாம். பெட்ரோலியம் கோடிக்கணக்கான வருஷம் பழையது, அதில் கார்பன்-14 மிச்சமிருக்காது. போன வருஷம் காய்த்த முந்திரியில் இருக்கும்.

மண்ணில் போட்டால் மக்குமா?

மக்காது. தாவரத்திலிருந்து வந்தது என்பது வேறு, மக்குவது என்பது வேறு. இறுகிய பிசினை உருக்கி மறுபடி வார்க்கவும் முடியாது. அரைத்து அடுத்த பலகையில் நிரப்பியாகப் போடலாம், அவ்வளவுதான். மக்க வேண்டும் என்றால் பாக்குமட்டைத் தட்டு வாங்குங்கள், அதற்கு ஈடே இல்லை.

கையில் பட்டால் புண்ணாகும் என்கிறார்களே?

உண்மை. ஊரில் கொட்டை உடைக்கும் பெண்களின் விரல்களைப் பார்த்தால் தெரியும். தோல் கறுத்து உரிந்திருக்கும். சாம்பலையோ எண்ணெயையோ பூசிக்கொண்டு உட்காருவார்கள். துணியில் வண்ணார் குறிபோடும் சேங்கொட்டையும் முந்திரியின் உறவுதான், மாங்காய்ப் பாலும் அதே குடும்பம். மாங்காய்ப் பால் பட்டு வாய் வெந்தவர்களுக்கு முந்திரி எண்ணெய் இன்னும் மோசமாகச் செய்யலாம். பச்சை எண்ணெயைவிடச் சூடாக்கிய கார்டனால் தேவலாம். ஆனாலும் நைட்ரைல் கையுறை இல்லாமல் வேண்டாம். பட்டுவிட்டால் தின்னர் போட்டுத் துடைக்காதீர்கள், அது இன்னும் உள்ளே இறக்கும். முதலில் துணியால் ஒற்றி எடுத்து, பிறகு சோப்பு. இறுகிய பலகையால் தொந்தரவு இல்லை. அரைகுறையாக இறுகியதில் அரிப்பு வரும்.

வெள்ளை நிறத்தில் கிடைக்குமா?

கிடைக்காது. கருஞ்சிவப்பு, பழுப்பு, கறுப்பு. மேலே பெயின்ட் அடித்துக்கொள்ளுங்கள்.

மழை, கரையான், நெருப்பு?

மழையைத் தாங்கும், ஆனால் அறுத்த ஓரத்தில் நார் வெளியே தெரிந்தால் அந்த வழியாகத் தண்ணீர் ஏறும். ஓரங்களைப் பிசினால் அடைத்துவிடுங்கள். நீங்களே சோதிக்கலாம்: ஒரு துண்டைத் தராசில் எடை பார்த்து, ஒரு நாள் முழுக்கத் தண்ணீரில் போட்டு, துடைத்து மறுபடி நிறுங்கள். 200 கிராம் துண்டு 212 ஆனால் ஆறு சதவீதம். நான் ஐந்துக்கு மேல் போனால் வெளிப்புறத்துக்குக் கொடுப்பதில்லை.

கரையானுக்கு முந்திரி எண்ணெய் பிடிக்காது. மீனவர்கள் படகு மரத்துக்கும் வலைக்கும் இதைப் பூசிவந்தது சும்மா இல்லை. நெருப்பு பிடிக்கும். சமையலறை அடுப்புக்குப் பின்னால் வைக்காதீர்கள்.

ஃபைபர் கிளாஸ், பிளைவுட் இடத்தை இது பிடிக்குமா?

படகின் உடம்புக்கும் காற்றாலை இறக்கைக்கும் இல்லை. கதவுப் பேனல், நாற்காலி இருக்கை, ஹெல்மெட்டின் உள்கூடு, கருவிப் பெட்டி, இதற்கெல்லாம் சரி. கண்ணாடி இழையின் அடர்த்தி 2.5, தென்னை நார் 1.2. பலம் குறைவு என்றாலும் எடை பாதி. அறுக்கும்போது தோலில் குத்தும் தூசும் கிடையாது. கார் கம்பெனிகள் கதவின் உட்பக்கத்துக்குச் சணல், ஆளி நார்களைப் பயன்படுத்துவது எடைக் கணக்கால்தான். முந்திரி எண்ணெய் வெகுகாலமாக ஓடிக்கொண்டிருக்கும் இடம் பிரேக் லைனிங். உங்கள் வண்டி நிற்பதிலும் எங்கள் ஊர் ஓட்டுக்குப் பங்கு இருக்கலாம்.

இதெல்லாம் யாராவது முன்னாலேயே செய்திருக்கிறார்களா?

அமெரிக்காவில் ஹென்றி ஃபோர்டு 1941இல் விவசாயப் பொருள்களிலிருந்து செய்த பிளாஸ்டிக் பேனல்களோடு ஒரு காரையே காட்டினார். போர் வந்தது, அது அப்படியே நின்றது. ஓட்ஸ் உமியிலிருந்து ஃபர்ஃபுராலைத் தொழில்முறையில் எடுக்க ஆரம்பித்தது 1922இல், அயோவாவில், ஒரு கஞ்சி கம்பெனி. கிழக்கு ஜெர்மனியின் டிராபன்ட் கார் 1957 முதல் 1991 வரை முப்பது லட்சம் வண்டிகள் செய்யப்பட்டன. எஃகு தட்டுப்பாடு என்பதால் அதன் மேல்பாகம் பஞ்சுக் கழிவும் ஃபீனால் ரெசினும் சேர்த்து அழுத்தியது. துருப்பிடிக்கவில்லை. ஆனால் கார் பழசானபோது அந்தத் தகடுகளை என்ன செய்வதென்று யாருக்கும் தெரியவில்லை. மக்குமா என்று கேட்டவர்கள் இதையும் படித்துக்கொள்ளுங்கள்.

எங்கே சோதிக்கலாம், யாரிடம் கற்கலாம்?

சென்னை கிண்டியில் சிப்பெட் என்ற மத்திய அரசின் பிளாஸ்டிக் தொழில்நுட்ப நிறுவனத்தில் இழுவை, வளைவு, தாக்குச் சோதனைகள் செய்து தருவார்கள். நாரைப் பற்றி என்றால் ஆலப்புழை அருகே கலவூரில் உள்ள மத்திய கயிறு ஆராய்ச்சி நிலையம். கார்டனால் வேதியியலில் திருவனந்தபுரத்தின் சிஎஸ்ஐஆர் (மத்திய அரசின் அறிவியல், தொழில் ஆராய்ச்சிக் குழு) ஆய்வகம் பல காலமாக வேலை செய்திருக்கிறது. மூன்று துண்டுகளையாவது வெவ்வேறு தட்டுகளிலிருந்து அறுத்துக் கொண்டுபோங்கள். நல்ல தட்டை மட்டும் சோதனைக்கு அனுப்பி, சுமாரானதை வாடிக்கையாளருக்கு அனுப்புகிறவர்களை எனக்குத் தெரியும்.

தொழிலாகச் செய்யலாமா?

பிளைவுட்டோடு விலையில் மோதினால் தோற்பீர்கள். பலகை என்று விற்காமல் பொருள் என்று விற்றால் பிழைக்கலாம். நாற்காலி, தட்டு, பெட்டி. சரக்கு வரத்தையும் யோசியுங்கள். 2011 டிசம்பர் 30இல் தானே புயல் அடித்தபோது கடலூர் மாவட்டத்து முந்திரித் தோப்புகள் வேரோடு சாய்ந்தன. மறுபடி நட்டு, காய்ப்புக்கு வரப் பல வருஷமாகும். ஆலைகள் ஆப்பிரிக்காவிலிருந்து கொட்டை இறக்கி ஓட்டுகின்றன, அதனால் ஓடு கிடைக்கும், ஆனால் விலை நம் கையில் இல்லை. ஒரு ஆலையை மட்டும் நம்பி அச்சு வாங்கிவிடாதீர்கள். முன்பணம் வாங்கிக்கொண்ட ஒருவர், அடுத்த சீசனில் என் ஓட்டை வேறொருவருக்கு விற்றுவிட்டார்.

புதுத் தட்டில் வரும் பிசின் வாடை போகுமா?

பத்துப் பதினைந்து நாளில் போய்விடும், நிழலில் காற்றாட நிறுத்திவையுங்கள். பீரோவுக்குள் பூட்டிவைத்தால் மாசக்கணக்கில் போகாது, புடவையிலும் ஏறும். என் வீட்டில் ஏறியிருக்கிறது.